பிரஷர் மாத்திரையும் கொரோனாவும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களிடையே விழுப்புரம் மாவட்டத்தில் கொரோனா வேகமாகப் பரவியது. அந்த நாட்களில் கிளம்பிய சில நம்பிக்கைகள் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இன்னும் ஓயவில்லை. உயிரோடு விளையாடுகிற நம்பிக்கைகள் என்பதால் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: "அது நுரையீரல் நோய். இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை."

உண்மை: கொரோனா ரத்தத்தை உறையத் தூண்டுகிறது, ஆக்சிஜன் குறையும்போது இதயத்தின் சுமையும் கூடுகிறது. சீனாவில் உறுதிசெய்யப்பட்ட முதல் 44,672 நோயாளிகளில் இறந்தவர்கள் 2.3 சதவீதம். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் அது 6, சர்க்கரை நோயாளிகளில் 7.3, இதயநோயாளிகளில் 10.5.

நம்பிக்கை: "வயதானவர்களுக்குத்தான் ஆபத்து."

உண்மை: வயது முக்கியம்தான், ஆனால் அது மட்டுமல்ல. தமிழ்நாடு, ஆந்திரத் தரவுகளைக் கொண்டு 2020இல் வெளியான ஆய்வில், இறந்தவர்களில் 63 சதவீதத்தினருக்கு வேறு நோய் ஒன்றாவது இருந்தது. 45 சதவீதத்தினருக்குச் சர்க்கரை. ஐம்பது வயதைத் தாண்டியும் பிரஷர், சுகர் பார்க்காதவர்களுக்குத் தங்கள் ஆபத்தே தெரியாது.

நம்பிக்கை: "கொரோனா வந்தால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும்."

உண்மை: எனலாப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் வகை மாத்திரைகள், கிருமி செல்லுக்குள் நுழையும் வாசலைப் பெருக்குமோ என்று 2020 தொடக்கத்தில் ஐயம் எழுந்தது. பிரேசிலில் மருத்துவமனையில் சேர்ந்த 659 பேரிடம் சோதித்தார்கள். நிறுத்தியவர்களுக்கு எந்த நன்மையும் கிடைக்கவில்லை. நீங்களாக நிறுத்தினால் கொதிப்பு ஏறும். பக்கவாதமும் மாரடைப்பும் வரலாம்.

நம்பிக்கை: "இளைஞர்கள் திடீரென்று சாவதற்குத் தடுப்பூசிதான் காரணம்."

உண்மை: 18 முதல் 45 வயதினரின் திடீர் மரணங்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 47 மருத்துவமனைகள் வழியாக ஆராய்ந்து 2023இல் முடிவை வெளியிட்டது. தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை; இரண்டு தவணை போட்டவர்களுக்கு அது குறைந்தே இருந்தது. கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்தது, குடும்பத்தில் நேர்ந்த திடீர் மரணம், அளவுமீறிய குடி போன்றவையே ஆபத்தைக் கூட்டின.

பிரஷர், சுகர் மாத்திரைகளை 2021 ஆகஸ்ட் முதல் தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையிலும் பிரஷர் பார்க்கக் காசு வேண்டாம். முப்பதைக் கடந்தவர்கள் இந்த வாரமே போய்ப் பாருங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.