முன்னே வருபவர் இருவர்

கேள்வி: 'ஹெரால்ட்', 'ஹார்பிஞ்சர்' இரண்டுக்கும் அகராதி 'முன்னறிவிப்பவர்' என்றே பொருள் தருகிறது. வேறுபாடு உண்டா?
— கல்லூரி மாணவி, கிணத்துக்கடவு

பதில்: உண்டு. ஹெரால்ட் வாய் திறந்து அறிவிப்பவர். அரசாணையையும் போரையும் ஊரறியச் சொன்னவர். நம் தெருக்கூத்தில் ராஜா வருமுன் வந்து நிற்கும் கட்டியக்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். செய்தி சொல்வதே தொழில் என்பதால்தான் பத்திரிகைகளுக்கு இந்தப் பெயர் பொருந்தியது: 1938இல் நேரு லக்னோவில் தொடங்கிய 'நேஷனல் ஹெரால்ட்', 1948இல் பெங்களூரில் பிறந்த 'டெக்கான் ஹெரால்ட்'.

ஹார்பிஞ்சரின் பழைய வேலை வேறு. அரசரும் படையும் வருமுன் போய்த் தங்குமிடம் பார்த்து வைப்பவர் அவர். அவர் தலை தெரிந்தாலே பின்னால் பெருங்கூட்டம் வருகிறது என்று ஊருக்குப் புரிந்துவிடும். அதனால் இன்று அச்சொல் ஆளைவிட அறிகுறியையே அதிகம் குறிக்கிறது, பெரும்பாலும் கெட்டதற்கு.

உங்கள் ஊரிலேயே பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வேகமெடுக்கும் காற்று, தென்மேற்குப் பருவமழையின் ஹார்பிஞ்சர். 'மழை தொடங்கியது' என்று வானொலி அறிவித்தால் அது ஹெரால்ட். தேர்வில் குழப்பம் வந்தால், சொல்லித் தெரிகிறதா, பார்த்துத் தெரிகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.