முள்ளெலி முள்ளில் மருந்து இல்லை

காய்ந்த முள்ளெலித் தோலைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் வீடுகள் நம் கிராமங்களில் இன்னும் உண்டு. பிள்ளைக்குக் கக்குவான் இருமல் வந்தால் முள்ளைச் சுட்டுப் பொடித்துக் கொடுப்பார்கள். இதற்காகவே வேட்டையாடப்பட்ட முள்ளெலிகள் ஏராளம்.

அந்த முள் எதனால் ஆனது? நம் நகமும் தலைமுடியும் ஆன அதே கெரட்டினால். வெட்டிப்போட்ட நகத்தைச் சுட்டுக் கொடுத்தால் என்ன பலனோ, அதுதான் இதற்கும். கக்குவான் இருமலுக்குக் காரணம் ஒரு பாக்டீரியா. குழந்தைக்கு 6, 10, 14ஆவது வாரங்களில் போடும் பெண்டாவேலண்ட் தடுப்பூசியில் அதற்கான தடுப்பும் சேர்ந்தே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இருமி இருமி மூச்சுக்குத் தவிக்கும் கைக்குழந்தைக்குச் சாம்பலைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது, உயிரோடு விளையாடுவது.

பெயரில் எலி இருப்பதால் பலரும் இதை எலி இனம் என்றே நினைக்கிறார்கள். இல்லை, மூஞ்சூறுதான் இதற்கு நெருங்கிய சொந்தம். முள்ளம்பன்றியின் குட்டியும் அல்ல. முள்ளம்பன்றிதான் எலி, அணில் வகையறாவைச் சேர்ந்த கொறிவிலங்கு! முள்ளை அம்பு போல எய்யும் என்பதும் கதைதான். இரண்டுமே எய்வதில்லை.

டார்ச் வெளிச்சம் பட்டதும் முள்ளெலி செய்வதைப் பாருங்கள். முதலில் நெற்றி முள்ளைக் கண்வரை இறக்கிக்கொள்ளும். பிறகு தலை, கால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்து, சுருக்குப்பையின் வாயை இறுக்கியதுபோல முதுகுத் தோலால் மூடிக்கொள்ளும். முள் இல்லாத வயிற்றைக் காக்க அதற்குத் தெரிந்த ஒரே வழி அது.

கடலைக்காட்டை நாசம் செய்யும் என்று அடிப்பவர்களும் உண்டு. இருட்டியபின் அது தேடி வருவது வண்டும் கறையானும் புழுவும்தான். விவசாயிக்கு அது கூலி கேட்காத ஆள்.

நம்மூர் முள்ளெலியை 1851இல் ஹார்ஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் தனி இனமாக விவரித்தார். தேரிக்காடு, முள்காடு போன்ற தென்னிந்திய வறண்ட நிலங்களை விட்டால் உலகில் வேறெங்கும் அது கிடையாது. காற்றாலைகளும் மனைப்பிரிவுகளும் அந்த நிலத்தையும் தின்றுகொண்டிருக்கின்றன.

நரிக்கு முன்னால் பலிக்கும் உருண்டை, லாரிக்கு முன்னால் பலிக்காது. இரவில் சாலையில் முள் பந்து ஒன்று கிடந்தால் வண்டியை ஓரங்கட்டுங்கள். ஒரு துண்டில் பொதிந்து எடுத்து, அது போகவிருந்த பக்கத்துப் புதரோரம் விட்டுவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.