துவையல் பந்தி கற்பிக்கும் உடல்நலம்

அய்யா துணை

பதியின் பள்ளியறையில் விக்கிரகம் கிடையாது. கண்ணாடியும் விளக்கும் உண்டு. வணங்க வருகிறவர் அங்கே காண்பது தம் உருவத்தையே. இறைவன் உனக்குள்ளே இருக்கிறான் என்பது அதன் பொருள். அந்த உருவத்துக்கு எழுபது வயது ஆனாலும் அது இறைவன் தங்கும் இடம்தான். "வயசாகிவிட்டது, இனி என்ன" என்று உடம்பைக் கவனியாமல் விடுவது, பதியைப் பெருக்காமல் போட்டுவிடுவதற்கு ஒப்பாகும்.

துவையல் தவசு

ஒடுக்கப்பட்டுக் கிடந்த மக்களை அய்யா வைகுண்டர் நிமிர்த்தியபோது, உடம்பைப் பேணுவதிலிருந்தே தொடங்கினார். 700 குடும்பத்தார் கன்னியாகுமரிக் கடலோரம் வாகைப்பதியிலும், பின்னர் முட்டப்பதியிலும் துவையல் தவசு இருந்தனர். நாளுக்கு மூன்று முறை நீராடினர். உடுத்ததைத் தாமே துவைத்தனர். பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்ததை ஒன்றாக அமர்ந்து உண்டனர். முதியவர்களும் அந்தக் குடும்பங்களில் இருந்தவர்களே. தூய்மை, உழைப்பு, அளவான உணவு, கூடி வாழ்தல் ஆகிய நான்கும் அந்தத் தவசில் அடங்கின. முதுமையில் உடல்நலம் காக்க இன்றைய மருத்துவர்கள் சொல்வதும் பெரும்பாலும் இவையே.

உணவு

வயது ஏற ஏறத் தசை கரையும். அதைத் தடுக்கப் புரதம் வேண்டும். அரிசியில் குறைவாக உள்ள புரதக்கூறு பயறில் மிகுதி. பயறில் குறைவானது அரிசியில் உண்டு. இரண்டும் சேர்ந்த உணவு, கடைவாய்ப் பல் போனவருக்கும் மென்று விழுங்க எளிது. சேலம், நாமக்கல் சீமையில் மரவள்ளி விளைகிறது. ஜவ்வரிசி ஆலைகளும் பல. ராசிபுரம் பக்கத்து வீடுகளில் பெரியவர் சோர்ந்தால் ஜவ்வரிசிக் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள். அதில் மாவுச்சத்து உண்டு. புரதம் மிகக் குறைவு. நாள்தோறும் அதையே கொடுத்தால் வயிறு நிறையும், உடம்பு மெலியும். பாசிப்பயறு, தட்டைப்பயறு, கீரை, நிலக்கடலை, கேழ்வரகுக் களி, கொல்லிமலைச் சாமை என இம்மண்ணில் கிடைப்பதையே மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். வயதானால் தாகம் மந்தமாகும். ஆகவே தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது தண்ணீர் குடிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பக்தி மிகுதியால் சில பெரியவர்கள், "நானும் ஒருவேளைதான் உண்பேன்" என்று தொடங்குவதுண்டு. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் மருத்துவரைக் கேளாமல் அப்படிச் செய்தால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும், உயிருக்கே ஆபத்து. துவையல் தவசு மக்களை வாழவைக்க வந்தது. உடம்பை வருத்திக்கொள்வது அதன் நோக்கம் அன்று. அதன் ஒழுங்கைக் கைக்கொள்வோர் தம் உடம்புக்கு ஏற்ற அளவில் கைக்கொள்வதே அறிவுடைமை.

உழைப்பு

காட்டு வேலையும் தறி வேலையும் செய்தவரைக்கும் நடப்பதும் குனிவதும் நிமிர்வதும் தானாக நடந்தன. மகன் தலையெடுத்ததும், "அப்பா, நீங்க சும்மா உட்காருங்க" என்கிறான். அது அன்புதான். ஆனால் சும்மா இருக்கும் கால் சில மாதங்களிலேயே வலுவிழக்கும். பிறகு குளியலறையில் ஒரு சறுக்கு, இடுப்பெலும்பு முறிவு, படுக்கை. பெரியவரைத் தாங்க வீட்டில் ஒருவர் வேலையை விட வேண்டிவரும்.

கோவையில் வாழ்ந்த நானம்மாள் 1920இல் பிறந்தவர். சிறுவயதில் கற்ற யோகாசனத்தைத் தொண்ணூறு வயது கடந்தும் விடாமல் செய்து, பிறருக்கும் கற்றுக்கொடுத்தார். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2019இல் தம் 99ஆம் வயதில் மறைந்தார். அவரைப்போல் உடம்பை வளைக்க எல்லாராலும் ஆகாது. நாள் தவறாமல் செய்த அந்தப் பழக்கத்தை எவரும் பின்பற்றலாம்.

65 வயது கடந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் உழைக்க வேண்டும், வாரம் மூன்று நாளாவது தடுமாற்றம் நீங்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலைப் பணிவிடைக்கு நடந்தே போய்வருவது நல்ல தொடக்கம். வீட்டில் நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் பத்துமுறை எழுந்து உட்காரலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்கலாம். நெஞ்சுவலி, மூட்டுவலி, தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். 2021 முதல் நடந்துவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மருந்தும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அதைப் பயன்படுத்திக்கொள்ளக் கூச்சம் வேண்டாம்.

கூடி வாழ்தல்

துவையல் பந்தியில் எவரும் தனித்து உண்ணவில்லை. தனியே உண்ணும் முதியவருக்குப் பசியும் குறையும், மனமும் வாடும். அன்புக்கொடி மக்கள் வீட்டுப் பெரியவரோடு அமர்ந்து ஒருவேளையாவது உண்ண வேண்டும். நிழல்தாங்கலில் விளக்குத் துடைப்பது, உண்பான் அன்னத்துக்குப் பயறு புடைப்பது போன்ற சிறு பணிகளை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

நாளைக் காலை கண்ணாடி முன் நிற்கும்போது, அதில் தெரியும் உடம்புக்கு இன்று என்ன செய்தோம் என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்வாராக.

அய்யா உண்டு