எல்லை கடக்கும் இயந்திரப் படகுகள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

முன்னுரை

சாலையில் ஓடும் வண்டிக்கு எண் உண்டு என்பதை நாம் அனைவரும் அறிவோம். தண்ணீரில் ஓடும் படகுக்கும் எண் உண்டு என்பதை அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்? சென்னையில் பதிவு பெற்ற மோட்டார் சைக்கிளில் பெங்களூர் வரை போய் வரலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு மாநிலத்தில் செய்த பதிவு இந்தியா முழுவதும் செல்லும். வேறு மாநிலத்திலேயே 12 மாதங்களுக்கு மேல் வைத்துக்கொண்டால்தான் புதிய எண் வாங்க வேண்டும். படகுக்கும் இதே விதிதானா? இக்கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து எழவில்லை.

என் தந்தையார் மீனவர். ஒரு பைபர் படகும் அதில் பொருத்திய இஞ்சினுமே எங்கள் குடும்பத்தின் சொத்து. சில ஆண்டுகளுக்கு முன் நீரோட்டத்தில் வழி விலகி, அண்டை மாநிலக் கரையை நெருங்கிய அப்படகை அங்கே நிறுத்தி வைத்துவிட்டார்கள். தந்தையார் பதிவுச் சான்றிதழை நீட்டினார். "இது பதிவு. இங்கே மீன் பிடிக்க உரிமம் எங்கே?" என்று கேட்டார்கள். அத்துடன், சான்றிதழில் கண்ட இஞ்சின் எண் வேறு. படகில் இருந்த இஞ்சினின் எண் வேறு. பழைய இஞ்சினை மாற்றியபோது சான்றிதழையும் திருத்த வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தக் காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. படித்துச் சொல்ல ஆளில்லை. நான் அப்போது பள்ளி மாணவன். நான்கு நாள் படகு வேற்றூர்க் கரையில் கிடந்தது. எங்கள் வீட்டு அடுப்பும் ஏறக்குறைய அப்படியே கிடந்தது.

உள்நாட்டு நீர்வழிகளில்

நமது அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், உள்நாட்டு நீர்வழிகளில் செல்லும் இயந்திரக் கலங்களின் போக்குவரத்து பொதுப் பட்டியலில் இடம் பெற்றுள்ளது. அதாவது மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் செய்யலாம். ஆங்கிலேயர் காலத்தில், நீராவிப் படகுகளை மனத்திற்கொண்டு 1917ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி ஓரிடத்தில் பெற்ற சான்றிதழுக்கு எல்லை உண்டு. வேறு மாநில நீரில் ஓட்ட அங்கே மேலொப்பம் பெற வேண்டிய நிலை இருந்தது.

கங்கையை எடுத்துக்கொள்வோம். முதலாம் தேசிய நீர்வழியான ஹால்தியா - பிரயாக்ராஜ் பாதையின் நீளம் 1,620 கிலோ மீட்டர். உத்தரப் பிரதேசம், பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம் ஆகிய நான்கு மாநிலங்களை அது தொடுகிறது. ஆறு ஒன்று, அலுவலகமோ நான்கு! இக்குறையைப் போக்கவே 2021ஆம் ஆண்டு புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் நிறைவேற்றப்பட்டு, 2022இல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஒரு மாநிலத்தில் பெற்ற பதிவுச் சான்றிதழ் எல்லா மாநிலங்களிலும் செல்லும். தனி அனுமதி தேவையில்லை. பதிவு விவரங்கள் மின்னணு முறையில் ஒரே தொகுப்பில் வைக்கப்படுகின்றன.

ஆனால் பதிவு மட்டும் போதாது. படகு தகுதியாக இருக்கிறதா என்று ஆய்வு செய்து தரும் சான்றிதழும், காப்பீடும் வேண்டும். இதன் அவசியத்தை உணர்த்தியது, 2023 மே 7ஆம் நாள் கேரளத்தின் தானூரில் நடந்த விபத்து. மீன்பிடிப் படகாக இருந்து சுற்றுலாப் படகாக மாற்றப்பட்ட ஒரு படகு, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் சென்று கவிழ்ந்தது. 22 உயிர்கள் மாண்டன. எண் எழுதுவது ஒரு சடங்கு அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கடலில்

கடலுக்கு வந்தால் கதை மாறுகிறது. மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ளது. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோ மீட்டர் வரையுள்ள கடலில் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்துவது அந்தந்த மாநிலம். அதற்கு அப்பால் மத்திய அரசு. கேரளம் 1980இலும், தமிழ்நாடு 1983இலும், ஆந்திரம் 1994இலும், புதுச்சேரி 2008இலும் தத்தமக்குரிய கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்களைச் செய்துகொண்டன.

2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள், கடத்தப்பட்ட ஓர் இந்திய மீன்பிடிப் படகிலேயே கரையை நெருங்கினார்கள். அதன் பின்னர்ப் படகுப் பதிவு நாடெங்கும் ஒரே முறையில் அமைந்தது. இன்று படகின் பக்கவாட்டில் காணும் எண்ணில் 'ஐ.என்.டி.' என்பது இந்தியா; 'டி.என்.' என்பது தமிழ்நாடு, அடுத்த இலக்கங்கள் பதிவு செய்த இடம், 'எம்.எம்.' என்றால் விசைப்படகு, 'எம்.ஓ.' என்றால் இஞ்சின் பொருத்திய நாட்டுப்படகு. கடைசியில் படகின் தனி எண்.

இந்த எண் "நான் யார்" என்பதை எந்தக் கடலிலும் சொல்லும். "இங்கே நான் மீன் பிடிக்கலாமா" என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது உரிமம். அது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நாகப்பட்டினத்துப் படகுக்குக் காரைக்கால் கூப்பிடு தூரம்தான்; ஆயினும் அது புதுச்சேரியைச் சேர்ந்தது. தடைக்காலமும் மாறும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன் மாதம்தான் தொடங்குகிறது. இரு கடலிலும் தொழில் செய்யும் குமரி மாவட்ட மீனவர் இரண்டு நாட்காட்டியும் பார்க்க வேண்டும்.

இந்த வேறுபாடு ஏன்?

ஆற்றில் போகும் படகு நீரின் மேல் செல்கிறது, எதையும் எடுப்பதில்லை. மீன்பிடிப் படகோ கடலின் வளத்தை எடுக்கிறது. சினை மீன்களைக் காக்கவும், உள்ளூர்ச் சிறு மீனவரின் பங்கைக் காக்கவும் மாநிலங்கள் கட்டுப்பாடு விதிப்பதில் நியாயம் உண்டு என்பதை விலங்கியல் மாணவன் என்ற முறையில் நான் ஒப்புக்கொள்கிறேன். மத்திக்கும் நண்டுக்கும் மாநில எல்லை தெரியாது. ஆனால் வலை வீசுபவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிவிக்க வேண்டியது யார் என்பதே கேள்வி.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. இஞ்சின் மாற்றினாலும், படகை விற்றாலும் வாங்கினாலும் சான்றிதழில் உடனே திருத்தம் செய்துகொள்ள வேண்டும்.
2. பதிவு எண்ணைத் தூரத்திலிருந்தே தெரியும்படி எழுதி, நிறம் மங்கினால் மீண்டும் எழுத வேண்டும்.
3. பதிவு, உரிமம், காப்பீடு, ஆட்களின் அடையாள அட்டை ஆகியவற்றை நனையாத உறையில் இட்டுப் படகில் வைத்திருக்க வேண்டும்.
4. வேறு மாநிலக் கடலில் தொழில் செய்ய எண்ணினால், முன்னதாகவே அம்மாநில மீன்துறையிடம் உரிமமும் தடைக்காலமும் பற்றிக் கேட்டறிய வேண்டும்.
5. மீன்பிடிப் படகை ஆய்வின்றிப் பயணிகள் படகாக்கக் கூடாது.

முடிவுரை

சென்ற விடுமுறையில் தந்தையாரின் சான்றிதழை வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். அவர் இஞ்சின் எண்ணை விரலால் தடவிப் பார்த்து, "இத்தனை நாள் இதைத் தலைகீழாகத்தான் வைத்திருந்தேன்" என்றார். மறுநாள் பக்கத்து வீட்டு மாமா தம் காகிதத்தைக் கொண்டு வந்தார். அதற்கு மறுநாள் மூவர் வந்தனர். அவற்றுள் இரண்டில் இஞ்சின் எண் பொருந்தவில்லை.

நமது கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் சாலை போடுகிறோம், மரம் நடுகிறோம். வருங்காலத்தில் ஒரு நாளையாவது கடலோரக் குப்பங்களில் சான்றிதழ்களைப் படித்துச் சொல்வதற்கென ஒதுக்கலாம். சட்டம் தெரியாது என்பது மன்னிப்புக்குரிய காரணமாகாது என்று சட்டம் சொல்கிறது. அப்படியானால், படித்தவன் அதைச் சொல்லாமல் இருப்பதும் மன்னிப்புக்குரியதாகாது.