நிலத்தடி நீரும் ஊராட்சி மன்றத்தின் அதிகாரமும்

கேரளத்தின் தென்கோடியில் நெய்யாற்றங்கரை வட்டத்தைச் சேர்ந்த காஞ்சிரங்குளத்தில் ஒருவர் தம் சொந்த நிலத்தில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டி, நீரை இறைத்துத் தொழில் நடத்த விரும்புகிறார் எனக் கொள்வோம். அதற்கு அவர் கிராம ஊராட்சியிடம் உரிமம் பெற வேண்டும். அக்கம்பக்கத்து வீட்டுக் கிணறுகள் வற்றிவிடும் என மன்றம் அஞ்சினால் உரிமத்தை மறுக்கலாமா? நிலம் அவருடையது, நீர் யாருடையது?

குழாய் நீரைப் பொறுத்தவரை கேரள ஊராட்சிகளின் கை ஓங்கியிருந்ததில்லை. 1984-இல் அமைக்கப்பட்ட கேரள நீர் ஆணையமே பெரிய குடிநீர்த் திட்டங்களை நடத்துகிறது. ஆனால் கேரளத்தில் பெரும்பாலான குடும்பங்கள் நெடுங்காலமாக வீட்டுக் கிணற்றையே நம்பி வாழ்ந்தவை. 1994-ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம், மரபுவழிக் குடிநீர் ஆதாரங்களைக் காப்பதை ஊராட்சியின் கட்டாயக் கடமைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. கடமை இவ்வாறிருக்க, அதற்கேற்ற அதிகாரம் உண்டா என்பதே ஆராயத்தக்கது. இவ்வினா, இதே சட்டத்தின்கீழ் இயங்கும் மற்றோர் எல்லைப்புற ஊராட்சியான பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டியில் உண்மையாகவே எழுந்தது.

பெருமாட்டி, சித்தூர் வட்டத்தில் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்தமையால் கேரளத்தின் பிற பகுதிகளைவிட மழை குறைந்த நிலம். தமிழ் பேசுவோரும் எரவாளர், மலசர் முதலிய பழங்குடியினரும் வாழும் பகுதி. இவ்வூராட்சிக்குட்பட்ட பிளாச்சிமடையில், இந்துஸ்தான் கோகோ கோலா நிறுவனம் சுமார் 34 ஏக்கர் நிலத்தில் குளிர்பான ஆலை நிறுவுவதற்கு 2000 ஜனவரியில் மன்றமே உரிமம் வழங்கியது. வேலைவாய்ப்பும் வரி வருவாயும் வேண்டாமெனச் சொல்லும் ஊராட்சி எது?

ஆலை இயங்கத் தொடங்கிய பின்னர், கிணறுகளில் நீர்மட்டம் தாழ்ந்ததாகவும், எஞ்சிய நீர் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஏற்றதாக இல்லை எனவும் மக்கள் முறையிட்டனர். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலில் போராட்டம் தொடங்கிற்று. மயிலம்மா என்னும் பழங்குடிப் பெண்மணி அதன் முகமாக விளங்கினார். குடத்தைத் தூக்கிக்கொண்டு நெடுந்தொலைவு நடப்பவர்கள் பெண்களே ஆதலின், நீர் குறைந்ததை முதலில் உணர்ந்தவர்களும் அவர்களே என்பதில் வியப்பில்லை.

2003 ஏப்ரல் 7 அன்று ஊராட்சி மன்றம், நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்படுவதையும் குடிநீர்த் தட்டுப்பாட்டையும் காரணங்காட்டி, உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை எனத் தீர்மானித்தது. வருவாய் இழப்பை அறிந்தே எடுத்த முடிவு இது. நிறுவனம் முறையிடவே, மாநில அரசு இம்முடிவை நிறுத்தி வைத்தது. வல்லுநர்களைக் கொண்டு ஆராய்ந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும் எனவும் 2003 அக்டோபரில் பணித்தது. ஊராட்சி உயர் நீதிமன்றத்தை நாடியது.

2003 டிசம்பர் 16 அன்று நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் அளித்த தீர்ப்பு நுணுகிக் கற்கத்தக்கது. நிலத்தடி நீர் மக்கள் அனைவருக்கும் உரிய சொத்து. அரசும் ஊராட்சியும் அதன் அறங்காவலர் போன்றோர். அதனை அளவுக்கு மீறிச் சுரண்டாமல் காப்பது அவற்றின் கடமை என்றார் அவர். இயற்கை வளங்கள் பற்றிய இக்கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996-இல் கமல்நாத் வழக்கில் ஏற்றிருந்தது. எனினும், நீரைக் காரணங்காட்டி ஆலையையே மூட ஊராட்சிக்கு அதிகாரமில்லை. நீர் எடுப்பதைத் தடுக்கலாம் என்ற அளவிலேயே தீர்ப்பு நின்றது. 34 ஏக்கர் வைத்திருக்கும் ஓர் உழவர் பயன்படுத்தக்கூடிய அளவு நீரை நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம். எஞ்சிய தேவைக்கு வேறு வழி தேடிக்கொள்ள வேண்டும்.

2005 ஏப்ரல் 7 அன்று இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு இதனை மாற்றியது. தெளிவான சட்டத் தடை இல்லாத நிலையில், நிலவுடைமையாளர் தம் நிலத்தடி நீரை நியாயமான அளவில் எடுக்க உரிமையுண்டு என்றது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்திலிருந்து வழிவழியாக வரும் கருத்தே இது. நீர்வள வல்லுநர் ஆய்வின் அடிப்படையில், நாள் ஒன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கவும் நிபந்தனைகளுடன் இசைந்தது.

இரு தீர்ப்புகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கொள்கையளவிலானது மட்டுமன்று. முதல் தீர்ப்பு, தீங்கு நேருமுன் காக்கும் கடமையை முன்வைத்தது. இரண்டாவது, அளந்து காட்டப்பட்ட சான்றினைக் கேட்டது. சான்று எனும் இடத்தில்தான் ஊராட்சிகள் வலுவற்று நிற்கின்றன. எத்தனை கிணறுகள், எந்த மாதத்தில் எத்தனை அடியில் நீர், எவ்வளவு மழை என்னும் குறிப்பேடு பெருமாட்டியில் ஆலை வருமுன்னரே இருந்திருப்பின் வழக்கின் போக்கே வேறாயிருக்கக்கூடும் என்பது என் கருத்து. கயிறும் அளவு நாடாவும் கொண்டு பள்ளி மாணவர்கள்கூடச் செய்யக்கூடிய பணி அது. காஞ்சிரங்குளம் போன்ற ஊராட்சியின் செயலர் இதனை உரிம விண்ணப்பம் வரும்வரை தள்ளிப்போடலாகாது.

அரசியலமைப்பிலும் ஓர் இடைவெளி உண்டு. நகராட்சிகளுக்கான 12-ஆவது அட்டவணை, வீட்டு உபயோகம், தொழில், வணிகம் ஆகிய மூன்றுக்குமான நீர் வழங்கலை வெளிப்படையாகக் குறிக்கிறது. ஊராட்சிகளுக்கான 11-ஆவது அட்டவணையிலோ குடிநீர், சிறுபாசனம், நீர் மேலாண்மை ஆகியவை உண்டு. தொழிலுக்கான நீர் தனித்துக் கூறப்படவில்லை. ஆலைகள் கிராமத்தைத் தேடி வரும் காலத்தில் இது சிறு குறையன்று.

பிளாச்சிமடை ஆலை 2004 மார்ச்சிலேயே உற்பத்தியை நிறுத்தியது. மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு, அப்பகுதிக்கு நேர்ந்த இழப்பை 2010-இல் 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைப்பதற்கு 2011 பிப்ரவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறவில்லை. ஊராட்சியின் மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் நெடுங்காலம் நிலுவையில் இருந்தது. 2017 ஜூலையில், அங்கு மீண்டும் உற்பத்தி தொடங்கும் எண்ணமில்லை என நிறுவனம் தெரிவிக்கவே, வழக்கு முடித்து வைக்கப்பட்டது. நிலத்தடி நீர் நிலத்துக்குரியவரைச் சேர்ந்ததா, ஊரைச் சேர்ந்ததா என்பதற்கு அவ்வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் விடை கிடைக்கவில்லை.