ஆஃப் ஆகாத ஸ்விட்ச்: ஒரு ரத்தப் புற்றுநோயின் கதை

மாடி டேங்க் நிரம்பினால் மோட்டார் தானா நிக்கணும். அதுக்குத்தான் ஃப்ளோட் ஸ்விட்ச். அது அறுந்து போச்சுன்னா? மோட்டார் ஒழுங்காத்தான் ஓடும், ஆனா மாடி முழுக்கத் தண்ணி. சி.எம்.எல். எனப்படும் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயிலும் ஏறக்குறைய இதுதான் நடக்குது.

நம்ம செல்களில் ஏபிஎல் என்று ஒரு என்சைம் இருக்கிறது. இது கைனேஸ் வகை. ஏடிபியில் இருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, இன்னொரு புரதத்தில் உள்ள டைரோசின் மேல் ஒட்டுவதுதான் இதன் வேலை. பாஸ்பேட் ஒட்டியதும் அந்தப் புரதம் தன் வேலையைத் தொடங்கி, அடுத்ததைத் தூண்டும். இப்படிக் கைமாறிக் கைமாறி, "பெருகு" என்ற செய்தி நியூக்ளியஸ் வரை போகும். இதைத்தான் செல் சிக்னலிங் என்கிறோம்.

சரி, ஏபிஎல்லை யார் நிறுத்துவது? அதுவேதான்! அதன் தொடக்க முனையில் மிரிஸ்டேட் என்ற கொழுப்பு அமிலம் இருக்கும். அது வளைந்து வந்து, அதே என்சைமின் ஒரு குழிக்குள் உட்கார்ந்து பூட்டிவிடும். தேவைப்படும்போது மட்டும் பூட்டு திறக்கும்.

1960-ல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் சி.எம்.எல். செல்களில் வழக்கத்தைவிடச் சின்னதா ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். 9, 22 ஆகிய இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியதால்தான் அப்படி ஆனது என்று 1973-ல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த வெட்டில் ஏபிஎல்லின் தொடக்க முனை போயிடுது. அந்த இடத்தில் பிசிஆர் என்ற வேறொரு புரதத்தின் துண்டு ஒட்டிக்கொள்கிறது. பூட்டே காணோம்! போதாக்குறைக்கு, பிசிஆர் துண்டுகள் ஒன்றோடொன்று பிணைந்து, பக்கத்துப் பக்கத்து என்சைம்களைத் தூண்டிவிடுகின்றன. ராஸ், ஸ்டாட்5 வழியாக "பெருகு, பெருகு" என்ற செய்தி நிற்காமல் போகிறது. வெள்ளை அணுக்கள் குவிகின்றன.

2001-ல் இமாடினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஏடிபி உட்காரும் இடத்தில் இது உட்கார்ந்துவிடும். ஏடிபி இல்லைன்னா பாஸ்பேட் இல்லை, செய்தியும் இல்லை. இன்று தினமும் மாத்திரை சாப்பிட்டு, வேலைக்குப் போய், பல வருஷம் வாழும் நோயாளிகள் நிறைய.

ஆனா புற்றுநோய் செல்லும் சும்மா இருக்காது. ஏபிஎல்லின் 315-வது இடத்தில் திரியோனின் போய் ஐசோலூசின் வந்தால், இமாடினிப் அங்கே உட்கார முடியாது. ஒரே ஒரு அமினோ அமிலம்தான் மாறுது, மருந்து வேலை செய்யாது.

இங்கேதான் அசிமினிப் வருகிறது. இது ஏடிபி இடத்துக்கே போகாது. மிரிஸ்டேட் உட்கார வேண்டிய அந்தக் காலிக் குழியில் போய் உட்காரும். அதாவது தொலைந்த பூட்டுக்குப் பதிலா ஒரு டூப்ளிகேட் பூட்டு! 315-வது இடம் மாறியவர்களுக்கும், அளவைக் கூட்டிக் கொடுத்தால், இது வேலை செய்கிறது. 2021-ல் இதற்கும் அனுமதி கிடைத்தது.

வேலை நடக்கும் இடத்தை விட்டுவிட்டு, வேறொரு இடத்தில் ஒட்டி என்சைமைக் கட்டுப்படுத்துவதற்குப் பெயர் அலோஸ்டெரிக் ரெகுலேஷன். பரீட்சையில் இது ரெண்டு மார்க் கேள்வியா வரும். எழுதும்போது அந்தக் காலிக் குழியை நினைச்சுக்கோங்க, மறக்காது.