சாக்பீஸ் வட்டத்துக்குள் மேனேஜர்

தொலைநோக்காகச் சிந்திப்பது எம்.பி.ஏ. படித்தவர்கள் வேலை, டிப்ளமாக்காரனுக்கு எதற்கு என்கிறோம். ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் டாயிச்சி ஓனோ (1912–1990) அதை ஷாப் ஃப்ளோரிலேயே கற்றுக்கொடுத்தார். தரையில் சாக்பீஸ் வட்டம் போட்டு, மேனேஜரை அதற்குள் நிற்கவைத்து, மணிக்கணக்கில் வேலையைக் கவனிக்கச் சொல்வார். பார்த்தால் போதாது, ஐந்து முறை 'ஏன்?' என்று கேட்கவும் வேண்டும். அவரே சொன்ன உதாரணம்:

1. மெஷின் ஏன் நின்றது? ஓவர்லோடு, ஃபியூஸ் போனது.
2. ஏன் ஓவர்லோடு? பேரிங்கில் ஆயில் போதவில்லை.
3. ஏன்? பம்ப் சரியாக இழுக்கவில்லை.
4. ஏன்? பம்ப் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது.
5. ஏன்? ஃபில்டர் இல்லை, இரும்புத்தூள் புகுந்தது.

ஃபியூஸை மட்டும் மாத்தினா மெஷின் மறுபடியும் நிக்கும். ஃபில்டர் போடுகிறவரே நாளையை யோசிப்பவர். அப்ரண்டிஸ் காலத்திலேயே பழகுவோம்!